தோளும் கழுத்தும்

அலுவலகச் சட்டையின் பொருத்தம் இரண்டு இடங்களில் தீர்மானமாகிறது: தோளிலும் கழுத்திலும். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை வெட்டலாம், பொத்தானை நகர்த்தலாம். தோளை மட்டும் எந்தத் தையற்காரரும் விருப்பத்தோடு தொடமாட்டார். அதைக் குறைக்க வேண்டுமானால் கையைக் கழற்றி, கைச்சுற்றை மறுபடி வெட்டி, கையையும் அதற்கேற்ப ஒடுக்கிப் பொருத்த வேண்டும். புதுச் சட்டை தைக்கும் வேலைக்கு அது கிட்டத்தட்ட வந்துவிடும். கொலரைப் பெருப்பிக்கவோ பெரும்பாலும் வழியில்லை. ஆகவே ஊசியால் எளிதில் திருத்த முடியாத இவ்விரு இடங்களையும்தான் கடையில் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது இதன் தலைகீழ். வயிற்றை மூடுகிறதா, நெஞ்சில் இறுக்கவில்லையா என்று பார்த்து எண்ணைத் தெரிவு செய்கிறார்கள். வயிறு மூடப்படுகிறது, தோள் தொங்குகிறது.

சட்டையின் பின்புறம், கொலருக்குக் கீழே, இரு தோள்களையும் மூடிக் குறுக்காக ஓடும் துண்டைத் தையற்காரர்கள் யோக் என்பார்கள். முழுச் சட்டையும் தொங்குவது அந்தத் துண்டிலிருந்துதான். கையைப் பொருத்திய தையல், தோளெலும்பு முடிந்து புயம் சரியத் தொடங்கும் விளிம்பில் நிற்க வேண்டும். அது விளிம்பைத் தாண்டிப் புயத்தில் விழுந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் இரவல் சட்டை போலத் தெரியும். விழுந்த அளவுக்குக் கையின் நீளமும் கூடிவிடும். தோளில் 2 சென்ரிமீற்றர் தவறினால் மணிக்கட்டிலும் 2 சென்ரிமீற்றர் தவறும். தையல் கழுத்துப் பக்கமாக ஏறி நின்றால் புயத்தின் மேற்புறத்தில் துணி இழுபட்டுக் குறுக்கு மடிப்புகள் விழும். அப்படிப்பட்ட சட்டையோடு கைகளை முன்னே நீட்டிக் கணினியில் தட்டத் தொடங்கியதும் முதுகு இறுகும். தோளைப் பார்ப்பதற்குக் கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கக் கூடாது. கைகளைத் தொங்கவிட்டு, வழமையாக எப்படி நிற்பாரோ அப்படியே நின்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க யாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருப்பதில்லை.

கழுத்துக்கு எண் உண்டு. பிரெஞ்சுக் கடைகளில் அலுவலகச் சட்டையின் கொலருக்குள் அச்சிட்டிருக்கும் 37, 38, 39 முதல் 44, 45 வரையான எண்கள் கொலரின் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் சொல்கின்றன. இங்கிலாந்தில் அதே அளவு அங்குலத்தில் வரும். அங்கே 15 என்றால் இங்கே 38, அங்கே 16 என்றால் இங்கே ஏறத்தாழ 41. இலண்டனில் இருக்கும் மாமா பிறந்தநாளுக்கு அனுப்பும் சட்டையை வாங்குமுன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னையிலிருந்து வரும் சட்டையில் குழப்பம் இன்னும் கூடுதல். அதில் 40 என்றிருந்தால் 40 சென்ரிமீற்றர் கழுத்தாகவும் இருக்கலாம், 40 அங்குல நெஞ்சாகவும் இருக்கலாம். எண்ணை நம்பாமல் நாடாவை நம்புவதே வழி. குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, நாடாவை இறுக்காமல், தோலில் படியவிட்டுக் கழுத்தை அளக்க வேண்டும். கிடைக்கும் எண்ணோடு 1 அல்லது 1.5 சென்ரிமீற்றர் கூட்டினால் அது கொலரின் அளவு. கழுத்து 38.5 என்றால் சட்டை 40.

தோய்த்தால் பருத்தி சுருங்கும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 100க்கு 2 பங்கு சுருங்கினாலே 40 கொலர் 39.2 ஆகிவிடும். கடையில் சரியாகப் பொருந்திய கொலர் முதல் தோய்ப்புக்குப் பிறகு கழுத்தை நெரிப்பது இதனால்தான். போட்டுப் பார்க்கும்போது மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். தலையோடு கொலரும் சேர்ந்து திரும்பினால் இறுக்கம். கொலருக்கும் கழுத்துக்கும் நடுவே முழுக் கையையும் விட முடிந்தால் தளர்வு. இரண்டு விரல்கள் சிரமமின்றி நுழைந்தால் சரி. இன்று பல அலுவலகங்களில் கழுத்துப்பட்டி கட்டுவதில்லை, மேல் பொத்தானும் பூட்டப்படுவதில்லை. அதனால் கொலரின் அளவு முக்கியமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. திறந்திருக்கும் கொலர் கழுத்தை அணைத்து நிமிர்ந்து நிற்க வேண்டும். அளவு பெரிதானால் அது இரு பக்கமும் சரிந்து படுத்துவிடும், முகம் களைத்ததுபோலத் தோன்றும்.

அளந்து வெட்டிய சட்டைக்குப் பாரிஸில் நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் ஆண்களின் சட்டை நீள்சதுரத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த உள்ளுடுப்பு. துணியை வாங்கிக் கொடுத்தால் தையற்பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள். 1838இல் பாரிஸில் தொடங்கிய ஷார்வே கடை, வாடிக்கையாளரை அங்கேயே அளந்து, அங்கேயே வெட்டி, அங்கேயே தைத்துக் கொடுத்தது. சட்டைக்கென்றே ஏற்பட்ட முதற்கடை அது என்பார்கள். பின்னர் பிளாஸ் வாந்தோம் சதுக்கத்துக்குப் போன அந்தக் கடை இன்றும் இருக்கிறது. 1841இல் அலெக்சி லவீன் என்ற தையற்கலைஞர் அதே நகரத்தில் தொடங்கிய பள்ளி இன்று எஸ்மோத் என்ற பெயரில் நடக்கிறது. உடலோடு வளைந்து படியும் அளவுநாடாவும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. வளைந்த கைச்சுற்று, தோளுக்கென்று தனித் துண்டு, கழுத்துக்கென்று வெட்டிய கொலர் எல்லாம் அந்த நூற்றாண்டில் நிலைபெற்றவை. தையல் எந்திரமும் தொழிற்சாலையும் வந்த பிறகு ஒவ்வொருவரையும் அளப்பது நின்றுபோனது. ஓர் உடலைச் சராசரி என்று எடுத்துக்கொண்டு, அதற்கு வெட்டிய மாதிரியை மேலும் கீழும் படிப்படியாகக் கூட்டிக் குறைத்து எண்கள் உண்டாக்கப்பட்டன.

அந்தச் சராசரி உடல் யாருடையது என்பதில்தான் பொருத்தத்தின் சிக்கல் தொடங்குகிறது. பிரான்சின் ஆடைத்தொழில் ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் 11,562 பேரை அளந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. அதன்படி பிரெஞ்சு ஆணின் சராசரி உயரம் 1 மீற்றர் 75.6 சென்ரிமீற்றர், எடை 77.4 கிலோ. கடைகளில் தொங்கும் சட்டைகள் அப்படிப்பட்ட ஒருவரைச் சுற்றி வெட்டப்பட்டவை. 1 மீற்றர் 65 உயரமும் ஒடுங்கிய தோளும் உள்ள ஒருவர் கழுத்துக்கென்று 40 எடுத்தால் கை நீளும், வால் தொடைவரை வரும். அவர் உடலில் குறையில்லை. மாதிரி வெட்டியவர் மனத்தில் அவர் இருக்கவில்லை. இந்தியாவுக்கென்று தனி அளவுமுறை உண்டாக்க நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் 25,000 பேரை அளக்கத் திட்டமிட்டார்கள். அதற்குத் தெரிவு செய்த ஆறு நகரங்களில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை. ஆக, தமிழ் உடலை மனத்தில் வைத்து வெட்டிய ஆயத்தச் சட்டையைப் பாரிஸ் கடைகளில் எதிர்பார்க்க முடியாது. வேட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. உடலைக் கண்ட பிறகே அது உடுப்பாகிறது. வெட்டித் தைத்த சட்டையோ உடலைக் காணுமுன்பே முடிவாகிவிட்ட ஒன்று.

இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு பிரான்சுக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழரின் முதல் தலைமுறையில் பெரும்பாலோருக்குச் சட்டையின் பொருத்தம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. உணவகச் சமையலறை, துப்புரவு வேலை, பொதி ஏற்றி இறக்கும் வேலை என்று போனவர்களுக்கு வேலையிடமே உடுப்பைக் கொடுத்தது. சட்டை என்பது கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் விசா அலுவலகத்துக்குமானது. கார் து நோர் நிலையத்துக்கு வடகிழக்கே ஃபோபூர் சன்-தெனி தெருவிலும் அதன் கிளைத் தெருக்களிலும் தமிழ்க் கடைகள் நிரம்பிய லாச்சப்பலிலிருந்து மெற்றோவில் ஒரே ஒரு நிறுத்தம் போனால் பார்பெஸ். அங்கே 1948இல் தொடங்கி 2021இல் மூடப்பட்ட தாதி கடையில் குவியலாகக் கிடந்த சட்டைகளைக் கிளறி எடுத்தவர்கள் இந்தத் தலைமுறையினரில் பலர். மலிவு பார்த்து எடுத்தார்கள், ஓர் அளவு பெரிதாகவும் எடுத்தார்கள். வளருற பிள்ளை என்று சொல்லி உடுப்பைப் பெரிதாகவே தைப்பித்துக் கொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, பெரிய சட்டை வீணாகாத சட்டை. வறுமைக்கு அது நல்ல அறிவு. முப்பது வயதில் வளர்ச்சி நின்ற உடலுக்கும் அதையே தொடர்வதுதான் சிக்கல்.

அவர்களின் பிள்ளைகள் இன்று கந்தோர் வேலைக்குப் போகிறார்கள். லா தெஃபான்ஸ் அலுவலகக் கோபுரங்களிலும், நகரத்து வங்கிகளிலும், ருவாசி விமான நிலையத்தைச் சுற்றிய நிறுவனங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பரவி வாழும் வடகிழக்குப் புறநகர்களில் ஒன்றான ஓல்னே-சூ-புவா நெடுங்காலம் வேலையுடுப்பு உடுத்த தொழிலாளரின் ஊர். 1973இல் திறந்த சித்ரொயன் கார்த் தொழிற்சாலை 2013 வரை அங்கே கார் செய்தது. கரோனோர் என்ற பெருஞ்சரக்கு நிலையம் 1960களிலிருந்து இருக்கிறது. அந்த ஊரில், தகப்பனுக்குத் தேவைப்படாத ஓர் அறிவு மகனுக்குத் தேவைப்படுகிறது. முதல் நேர்முகத் தேர்வுக்குப் போகும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு வீட்டில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. தகப்பனின் கலியாணச் சட்டையை அவனுக்கு மாட்டிவிடுவது பாசம்தான், ஆனால் அதன் தோள் அவனுடையதல்ல. பொருந்தாத சட்டை போட்டவன் தன் கைகளை எங்கே வைப்பதென்று அறியாமல் தடுமாறுகிறான், கொலரைத் தொட்டுத் தொட்டு இழுக்கிறான். எதிரே இருப்பவர் சட்டையைக் கவனிக்காவிட்டாலும் அந்தத் தடுமாற்றத்தைக் கவனிக்கிறார். பெயரும் முகவரியும் ஏற்கெனவே எதிராக எண்ணப்படக்கூடிய இடத்தில், சட்டையாவது அவன் பக்கம் நிற்க வேண்டும்.

தோளும் கழுத்தும் சரியென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கைச்சுற்று. கடைக்காரர்கள் இதைப்பற்றிப் பேசுவதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு நாளின் வசதி இதில்தான் இருக்கிறது. கைச்சுற்று கமக்கட்டுக்கு நெருக்கமாக, உயர்ந்து வெட்டப்பட்டிருந்தால் கையைத் தூக்கும்போது கை மட்டும் எழும். தாழ்ந்து வெட்டியிருந்தால் கையோடு முழுச் சட்டையும் எழுந்து காற்சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்துவிடும். விசாலமான சட்டைதான் வசதி என்ற நம்பிக்கை இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது, ஏனென்றால் பெரிய எண்ணில் கைச்சுற்றும் தாழ்ந்துதான் வரும். ஓல்னேயிலிருந்து ஆர்.ஈ.ஆர். பி ரயில் தடத்தில் காலை நேரத்தில் ஏறுகிறவருக்கு இருக்கை கிடைப்பது அரிது. மேல் கம்பியைப் பிடித்தபடி கார் து நோர் வரை நிற்க வேண்டியிருக்கும். அந்தக் கம்பியைப் பிடிப்பதுபோலக் கடையின் அறைக்குள் கையைத் தூக்கிப் பார்ப்பதே சரியான சோதனை. சட்டை இரண்டு விரலளவு ஏறினால் குறையில்லை. முழு வாலும் வெளியே வந்தால் அந்தச் சட்டை அந்தப் பயணத்துக்கு ஆகாது.

அதன் பிறகு நெஞ்சும் வயிறும். பிரெஞ்சுக் கடைகளில் நேர்வெட்டு, இடை பிடித்த வெட்டு, இறுக்க வெட்டு என்று மூன்று வகை ஒரே கழுத்து எண்ணிலேயே கிடைக்கும். பெயர்கள் கடைக்குக் கடை மாறும், ஒரு கடையின் இடை பிடித்த வெட்டு இன்னொரு கடையின் இறுக்க வெட்டாக இருக்கும். வயிறு இறுக்கினால் எண்ணைக் கூட்டக் கூடாது, வெட்டை மாற்ற வேண்டும். 40 இறுக்க வெட்டு பிடிக்கிறது என்று 42 இறுக்க வெட்டுக்குப் போனால் தோளும் கழுத்தும் கெட்டுவிடும். 40 நேர்வெட்டுக்குப் போனால் அவை அப்படியே இருக்க, வயிற்றுக்கு மட்டும் இடம் கிடைக்கும். முப்பத்தைந்தைத் தாண்டிய தமிழ் ஆண்கள் பலருக்குத் தோள் ஒடுங்கியும் வயிறு முன்வந்தும் இருப்பதால், சட்டை பற்றிய அறிவுரைகளில் அவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுவே.

இறுக்கத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கந்தோர் வேலை உட்கார்ந்து செய்யும் வேலை, உட்கார்ந்ததும் வயிறு விரியும். பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளந்து உள்ளுடுப்போ தோலோ தெரிந்தால், அல்லது ஒரு பொத்தானிலிருந்து நாலு பக்கமும் மடிப்புகள் ஓடினால், அது சிறிது. நின்றபடி இடுப்பின் இரு பக்கமும் துணியைக் கிள்ளிப் பார்க்கலாம். பக்கத்துக்கு 4, 5 சென்ரிமீற்றர் பிடிபட்டால் அளவு. கைப்பிடி நிறையத் துணி வந்தால் தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்கலாம்.

கையின் நீளம் மணிக்கட்டு எலும்பை மூடி, பெருவிரல் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே முடிய வேண்டும். முழங்கையை மடக்கினாலும் மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. மேலே கோட்டு போட்டால் அதன் கைக்கு வெளியே சட்டை 1 சென்ரிமீற்றர் அளவு தெரிவது வழக்கம். உயரமானவர்களுக்கு நீண்ட கை வைத்த சட்டைகளைப் பல பிரெஞ்சுக் கடைகள் தனியாக விற்கின்றன. குட்டையான கையை விற்கும் கடை அரிது. ஆகவே உயரம் குறைந்தவர்கள் கையைக் குறைப்பிக்கத்தான் வேண்டும். நுனிப்பட்டியைக் கழற்றி, கையை வெட்டி, மறுபடி பொருத்துவார்கள். 3 சென்ரிமீற்றர் வரை இது நன்றாக வரும். அதற்கு மேல் போனால் நுனியில் உள்ள பிளவு குறுகிவிடும், கையை மடித்துவிடவே முடியாது. நுனிப்பட்டி மணிக்கட்டைப் பிடித்து நிற்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் நீளம் சரியாக இருந்தும் கை உள்ளங்கைவரை வழுகி வரும், அப்போது பொத்தானை நகர்த்தினாலே போதும். மணிக்கூடு கட்டுகிறவர்கள் அந்தக் கைக்கு மட்டும் அரைச் சென்ரிமீற்றர் கூட்டிவிட வேண்டும்.

துணியைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொப்ளின் மெல்லியது, உடல் வடிவத்தை அப்படியே காட்டும். ஒக்ஸ்போர்ட் தடிப்பானது, ஓரளவு பொருத்தக் குறையை மறைக்கும். நீட்சி இழை கலந்த துணி இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் முழுப் பருத்தி அளவுக்கு வியர்வையை உறிஞ்சாது. சூடேற்றிய ரயிலுக்கும் குளிர்ந்த தெருவுக்கும் மாறி மாறிப் போகும் பாரிஸ் வாழ்க்கைக்கு முழுப் பருத்தியே நல்லது.

வாங்கும் காலத்தையும் இடத்தையும்பற்றிச் சில விவரங்கள் கைகொடுக்கும். பிரான்சில் கழிவு விற்பனைக் காலத்தைச் சட்டமே வரையறுக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, சனவரியிலும் யூன் இறுதியிலும் தொடங்கி நான்கு வாரம் நடக்கும். முதல் வாரத்துக்குப் பிறகு எஞ்சுவது பெரும்பாலும் மிகப் பெரிய எண்களும் மிகச் சிறிய எண்களும்தான். பாதி விலைக்கு வந்த 43ஐ 40 கழுத்துக்கு வாங்குவது இலாபமல்ல. கடையில் வாங்கிய பழுதில்லாத உடுப்பை மாற்றிக் கொடுக்கும் கடமை கடைக்காரருக்கு இல்லை, கொடுத்தால் அவருடைய நல்லெண்ணம். இணையத்தில் வாங்கியதைத் திருப்பி அனுப்ப 14 நாள் உரிமை உண்டு. ஒரே சட்டையை இரு வெட்டுகளில் வரவழைத்து, வீட்டில் நிதானமாக உட்கார்ந்தும் கையைத் தூக்கியும் பார்த்து, ஒன்றைத் திருப்பி அனுப்பலாம். ஓல்னேயின் பாரினோர் வணிக வளாகத்தில் சனிக்கிழமை நெரிசலில் போட்டுப் பார்ப்பதைவிட அது நல்ல வழி.

திருத்தும் கடைகள் புறநகர்களிலும் உண்டு. லாச்சப்பலிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள கூத் தோர் பகுதியில் மேற்கு ஆபிரிக்கத் தையற்காரர்களின் கடைகள் இருக்கின்றன. தங்கள் ஊர் உடுப்புகளை உடலுக்கு அளந்து தைத்துப் பழகிய அவர்களுக்குச் சட்டையின் இடையைப் பிடிப்பது எளிய வேலை. பக்கத் தையலைப் பிரித்துப் பிடிப்பதைவிட, முதுகில் இரண்டு மடிப்புப் பிடித்துத் தைப்பது மலிவு. பின்னால் உடல் பெருத்தால் அந்த மடிப்பைப் பிரித்துவிடலாம். 2023 நவம்பரிலிருந்து பிரான்சில் உடுப்பைப் பழுதுபார்க்க உதவித்தொகை கிடைக்கிறது. கிழிசலுக்கும் பிரிந்த தையலுக்கும் அது பொருந்தும், அளவைத் திருத்துவதற்குப் பொருந்தாது. இது ஒரு குறைதான். கிழியாமலே அலுமாரியில் கிடந்து பிறகு குப்பைக்குப் போகும் சட்டைகள் பெரும்பாலும் பொருந்தாதவையே.

விடுமுறைக்குப் போகும்போது யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ தைப்பித்து வருவது இன்னொரு வழி. உடலை அளந்து தைக்கும் பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையை அளவுச் சட்டையாகக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. தையற்காரர் அங்குலத்தில் எழுதுவார், சென்ரிமீற்றரில் யோசிப்பவர் அந்த எண்களைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைக்கச் சொல்ல வேண்டும். கூட்டித் தைக்க வேண்டாம், இருக்கிறபடி தைத்தால் போதும் என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் இன்னும் பெருப்பார் என்று எண்ணித் தாராளமாக விடுகிறவர்கள் உண்டு. ஒரே தடவையில் பத்துச் சட்டைக்குக் கொடுக்காமல் ஒன்றைத் தைப்பித்து, தோய்த்து, போட்டு, உட்கார்ந்து பார்த்த பிறகு மற்றவற்றுக்குத் துணி எடுக்கலாம். அதற்கு இரண்டு வார விடுமுறையின் முதல் நாளே தையற்கடைக்குப் போக வேண்டும்.

கழுத்தும் வயிறும் வயதோடு மாறும். ஐந்து கிலோ கூடினாலோ குறைந்தாலோ கொலர் எண் மாறக்கூடும், தோள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, சனவரி விற்பனை தொடங்குமுன், கழுத்தை மறுபடி அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.